காலுக்குக் கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் பேசியது)

சேமிப்பு பற்றியும் வங்கிக் கடன் பற்றியும் எனக்கு முன்னால் பேசினவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு கடனைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தத் தீர்மானத்தில் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டது நான்தான்.

எங்க மாமனார் முப்பது வருஷம் வெடி ஆபீஸில் வேலை பார்த்தவர். சர்க்கரை உண்டு. ஆபீஸுக்குள்ளே நெருப்பு ஆகாது, அதனால் போகும்போதும் வரும்போதும் சேர்த்து வைத்துப் பீடி குடிப்பார். நாலு வருஷம் முன்னால், பஸ் இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் கோயில் திண்ணையில் உட்கார ஆரம்பித்தார். “கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது தாயி, உட்கார்ந்தா விட்டுருது, எந்திரிச்சு நடந்தா அதே தூரத்துல மறுபடியும் பிடிக்குது” என்பார். வயசாயிருச்சு, நரம்புத் தளர்ச்சி என்று நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டார்கள். தட்டு மாதிரி ஒரு மிஷின். ரெண்டு பாதத்தையும் அதன் மேலே வைத்தால் கரண்ட் மெதுவாக ஏறும், கெண்டைக்கால் தானாகத் துடிக்கும். பத்து நாள் வைத்துவிட்டு வந்தவர் கால் லேசா இருக்குன்னார். விலை 14,000 ரூபாய். எங்க மதினி குழுவில் உள்கடன் கேட்டார். காரணம்: மருத்துவச் செலவு. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆடு வாங்கக் கடன் கேட்டால் ஆட்டுக்குப் பல் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறோம்!

வெடி ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், அறைக்குள் போகிறதுக்கு முன்னால் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அப்படி வாழ்நாள் பூராவும் கரண்டை இறக்கினவருக்குக் காசு கொடுத்து நாங்கள் கரண்ட் ஏற்றினோம்.

அந்த மிஷின் என்ன செய்கிறது என்று பிறகுதான் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போது, கீழே தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளும். நாம் நடக்கும்போது நடப்பதும் அதுதான். மிஷின் நடக்காமலே அதைச் செய்ய வைக்கிறது. வைத்திருக்கும் நேரம் காலில் ரத்த ஓட்டம் கூடுவதும் உண்மை. அதனால் மிஷினே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். பக்கவாதம் வந்து காலை அசைக்க முடியாதவர்களுக்குப் பிசியோதெரபியில் இந்த மாதிரி கரண்ட் வைக்கிறார்கள். ஆனால் மாமனாருக்கு இருந்த கோளாறு வேறே. இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் தொடைப் பக்கம் அடைத்துக்கொண்டு வந்தது. வாய்க்காலில் மண் மேடிட்டுத் தண்ணி வராதபோது, வயலுக்குள்ளே நின்று மண்வெட்டியால் தண்ணியைத் தள்ளி என்ன ஆகும்? பிரிட்டனில் இந்த நோய் உள்ள சுமார் 200 பேரை வைத்து இப்படி ஒரு மிஷினைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையோடு மூணு மாசம் மிஷினும் வைத்தவர்கள், வைக்காதவர்களைவிடத் தெளிவாகச் சொல்லும்படி அதிக தூரம் நடந்துவிடவில்லை.

மிஷினால் கால் கெட்டுப்போகவில்லை. மிஷின் இருக்கு என்ற தைரியத்தில் நாலு மாசம் போனதுதான் கெடுத்தது. ராத்திரி வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டுத் தூங்கினார். அது நோய் முற்றிவிட்டதன் அடையாளம் என்று எங்களுக்குத் தெரியாது. சுண்டுவிரல் கறுத்த பிறகுதான் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அடைப்பைப் பலூன் வைத்து விரித்தார்கள், காப்பீட்டு அட்டை இருந்ததால் அதற்குச் செலவில்லை. விரலை எடுத்துவிட்டார்கள்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, மாசாமாசம் சர்க்கரை மாத்திரை கொடுக்கிறவள் நான். என் வீட்டுப் பெரியவர் காலை ஒரு நாள் குனிந்து பார்க்கவில்லை.

பார்க்கிறது கஷ்டமே இல்லை. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேரே பாதத்தின் மேல்புறம் ஒரு நாடி, உள்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் ஒரு நாடி. ரெண்டு காலிலும் தொட்டுப் பாருங்கள். புறங்கையை வைத்து எந்தக் கால் சில்லென்று இருக்கிறது என்று பாருங்கள். நாடி சரியாகக் கிடைக்கவில்லை, நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய் கெட்டிப்பட்டு இந்தக் கணக்கு தப்பாக வரலாம், அப்போது டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, வலி உயிர் போகிறது என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அதில் மணிக்கணக்குதான்.

தீப்பெட்டி ஆபீஸில் நாளெல்லாம் உட்கார்ந்து கட்டை அடுக்குகிறவர்களுக்குச் சாயங்காலம் கால் வீங்குகிறதே, அது பெரும்பாலும் வேறு. அது ரத்தம் மேலே ஏறாமல் தேங்குவது. அதற்கு இறுக்கமான காலுறை போடச் சொல்வார்கள். அதையே பக்கத்து வீட்டில் வாங்கிக் குழாய் அடைப்பு உள்ளவருக்கு மாட்டினால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். மிஷினும் அப்படித்தான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், காலில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கரண்ட் வைக்கவே கூடாது. சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சுட்டால்கூடத் தெரியாது.

மாமனாருக்கு இப்போது வைத்தியம் என்ன தெரியுமா? ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒரு மாத்திரை, பீடி கிடையாது, அப்புறம் நடை. புண் ஆறின பிறகு டாக்டரே நடக்கச் சொன்னார். வலி வரும் வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். பீடியை விடுவதற்குள் வீட்டில் நடந்த சண்டையைச் சொன்னால் இந்தக் கூட்டம் முடியாது.

மிஷின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மதினி கடனில் இன்னும் மூணு தவணை பாக்கி. இப்போது எங்கள் குழுவில் மருத்துவ மிஷினுக்குக் கடன் கேட்டால், டாக்டர் சீட்டைத் தீர்மான நோட்டில் ஒட்டின பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். சிலருக்கு என் மேல் கோபம். இருக்கட்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வேப்பமரத்தடியில் இருப்பேன். நாடி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் வாங்க, என் காலிலேயே தொட்டுப் பழகிக்கொண்டு போங்க.