காதை மூடும் ஹெட்போன்

ஹெட்போனில் இரண்டு வகை உண்டு. வெளிப்பக்கம் துளையோடு திறந்திருப்பது ஒன்று, முழுக்க அடைத்திருப்பது இன்னொன்று. 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414-ஐக் கொண்டுவந்த பிறகுதான் திறந்த வகை பரவியது. அதில் பாட்டு விரிந்து கேட்கும். கூடவே அடுப்படிக் குக்கர் விசிலும் கேட்கும். அதனால் அது வைத்திருப்பவர்களும் மூடிய ரகத்தில் ஒன்று தேடுகிறார்கள்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் பழகிய இரண்டைச் சொல்கிறேன். 1991-ல் வந்த சோனி எம்டிஆர் 7506 லேசானது, மடித்துப் பையில் போடலாம். பாடகர் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்கும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவில் வெல்வெட் போன்ற மெத்தை, நெடுநேரம் போட்டாலும் காது வேர்ப்பது குறைவு. அடிநாதமும் கனமாக இருக்கும். ஆனால் அதன் 250 ஓம் மாடலைச் செல்போனில் நேரடியாகச் செருகினால் சத்தம் போதாது. 80 ஓம் பரவாயில்லை. ஏற்கெனவே திறந்த ஹெட்போன் வீட்டில் இருந்தால், என் ஓட்டு பேயர்டைனமிக்குக்குத்தான்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடே போட்டுப் பாருங்கள். காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி விட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துவிடும். கையால் மெத்தையை லேசாக அழுத்துங்கள். ஒலி சட்டென்று கனத்தால் அந்த ஹெட்போன் உங்கள் தலைக்குச் சரியாகப் பொருந்தவில்லை. இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்தே ஒப்பிடுங்கள். சத்தம் கூடுதலாக இருப்பதுதான் காதுக்கு நல்லதாகப் படும்.