பெண்மக்கள் கூடும் மன்றம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பட்டம் பெற்ற அறிஞர் பலர் வீற்றிருக்கும் இம்மன்றத்தில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துப் புகைவண்டி நிலையத்தில் கணக்கெழுதும் எளியேன் இலக்கியம் பேச முற்படுதல் முறையன்று. ஆதலின், யான் கண்ணாரக் கண்ட ஒன்றைக் கூற விழைகின்றேன். அது, என் தமக்கையார் சிறுமியாயிருந்த காலத்தில் உறுப்பினராயிருந்த இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தைப் பற்றியதாகும். ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்றால் இந்நகரில் அனைவருக்கும் தெரியும்.

1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எம்மா ரோபார்ட்ஸ் என்னும் அம்மையார் இளம் பெண்களுக்காக ஒரு பிரார்த்தனைக் குழுவைத் தொடங்கினார். அதே ஆண்டில் கின்னேர்டு சீமாட்டியார், கிரிமியப் போர்க்களத்துக்குச் செல்லும் தாதியர் தங்குவதற்கு இலண்டனில் ஒரு விடுதியை அமைத்தார். இவ்விரண்டும் 1877இல் ஒன்றாயின. நம் நாட்டில் 1875இல் பம்பாயில் வேரூன்றிய இச்சங்கம், 1896இல் தேசிய அளவில் அமைப்புப் பெற்றது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இது பணியாற்றுகிறது. பிற சமயப் பெண்களுக்கும் இதன் கதவு திறந்தே இருக்கிறது.

இப்பகுதிக்கு இத்தகைய தொண்டு புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னும் தொழிலையும் கற்பித்தார். அடிமைப்பட்டிருந்த பெண்களுள் சிலர் அவ்வூதியத்தைக் கொண்டே தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்பது வரலாறு. இந்நகரின் கோட்டைக்குள், வெளியே வாராத குடும்பப் பெண்களுக்கு 1864 முதல் கல்வி புகட்டியவர் பிளாண்ட்ஃபோர்டு அம்மையார்.

இனி, யான் கண்டதைக் கூறுகிறேன். 1987ஆம் ஆண்டு, தமக்கையார்க்கு வயது பதின்மூன்று, எனக்கு ஏழு. தந்தையாரும் இரயில்வே ஊழியரே. சனிக்கிழமை மாலைதோறும் தமக்கையார் தம்பானூரிலிருந்து புளிமூடு, ஸ்டாச்சு வழியாக நடந்து கூட்டத்திற்குச் செல்வார். 'துணைக்கு ஆண்பிள்ளை' வேண்டுமென்று என்னையும் உடன் அனுப்புவார்கள். துணைக்குப் போன வீரனோ, வழியெல்லாம் அக்காளின் கையை விடாமல் நடப்பான்! வாயிலோடு என் அதிகாரம் முடிந்துவிடும். திண்ணையில் அமர்ந்து நிலக்கடலை தின்றுகொண்டே சாளரத்தின் வழியாகப் பார்ப்பேன்.

பாட்டும் விளையாட்டும் மட்டும் அங்கு நடைபெறவில்லை. வாரம் ஒரு சிறுமி தலைமை வகிப்பாள். ஒருத்தி சென்ற வாரக் குறிப்பை வாசிப்பாள். மற்றொருத்தி வரவு செலவை ஒப்புவிப்பாள். காயத்திற்குக் கட்டுப் போடவும், கருத்து வேறுபட்டால் கோபமின்றி எழுந்து பேசவும் பழகினர். எங்கள் குடும்பம் சைவக் குடும்பம். மதம் மாறும்படி என் தமக்கையாரிடம் ஒருவரும் கூறியதில்லை. வீடு திரும்பியதும் அவர்தாம் விளக்கேற்றுவார். கிறிஸ்துமஸ் கேக்கைக் கொண்டுவந்தால், "முட்டை சேர்ந்தது" என்று பாட்டியார் ஒதுக்குவார். அந்தப் பங்கும் எனக்கே வந்து சேரும்.

தமக்கையார் பருவமடைந்ததும், இனிக் கூட்டத்திற்குப் போகலாகாது என்று உறவினர் கூறினர். "கூட்டத்தைத் தடுத்தால், நாளை பள்ளியையும் தடுப்பீர்களோ?" என்று தாயார் கேட்டார். விடை கூறுவாரில்லை. மூன்றாம் வாரம், அக்குழுவை நடத்திய அம்மையார் எங்கள் இல்லம் தேடி வந்தார். வாதாடவில்லை. பாட்டியாரின் அருகே பாயில் அமர்ந்து, "ஒரு நாள் நீங்களே வந்து பாருங்கள், அம்மா" என்றார். பாட்டியாரும் சென்றார், கூட்டம் முடியும்வரை இருந்தார். திரும்பி வந்து, "ஆண்பிள்ளைகள் வாசிக்கும் கணக்கைவிட இது நேராக இருக்கிறது, போகட்டும்" என்றார். அத்துடன் வழக்கு முடிந்தது.

1998இல் தந்தையார் திடீரெனக் காலமானார். தாயார் செயலற்றுப் போனார். எனக்கோ உலகம் தெரியாத வயது. தமக்கையார் கண்ணீரை வீட்டிலேயே விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மலையாளத்தில் பேசினார், ஆங்கிலத்தில் மனு எழுதினார், கொடுத்த தாள் ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை கேட்டு வாங்கினார். தாயாரின் குடும்ப ஓய்வூதியமும், கருணை அடிப்படையில் எனக்குக் கிடைத்த இப்பணியும் அவர் கைப்பட எழுதிய மனுக்களின் பயனே. அக்கையெழுத்து திருந்தியது அச்சனிக்கிழமைகளில்தான்.

பெரியோர்களே! நம் குடியிருப்பில் ஆண்பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் உண்டு. பெண்மக்களோ ஆண்டு விழாவில் மேடையேறி நடனமாடுகின்றனர். பின்னர் அடுத்த ஆண்டுவரை அவர்களைக் காண்பதற்கில்லை. "கையில் கைப்பேசி இருக்கும்போது கூட்டம் எதற்கு?" என்பீர்கள். கைப்பேசியில் உரையாடலாம், பத்துப்பேர் நடுவே எழுந்து நின்று, மறுத்துப் பேசி, பின்னும் தோழியராய் வீடு திரும்பும் பயிற்சியை அது தருமா? "பாதுகாப்பு?" என்பீர்கள். வாரம் இரு தாய்மார் முறைவைத்து உடனிருக்கலாம்.

ஆகவே, செயற்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஆறு மணி வரை, இச்சங்க மண்டபத்தைப் பத்து வயது நிரம்பிய பெண்மக்களுக்கு ஒதுக்குங்கள். தலைமையும் குறிப்பேடும் கணக்கும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். சமயம் எதுவாயினும், தமிழ் நம் அனைவர்க்கும் பொதுவன்றோ? அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுகிறேன். என் மகளின் பெயரை முதற்பெயராக எழுதிக்கொள்ளுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பெண்மக்கள்!