சந்தை ஓரத்தில் நமக்கொரு மனை

தோழர்களே,

இன்று மனை வாங்குவதைப் பற்றிப் பேசப் போகிறேன். "இயக்கக் கூட்டத்துல வீடு வாங்குற கதை எதுக்கு?" என்று சிலருக்குத் தோன்றும். நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கையில் காசு இருந்தும் நமக்கு விற்கப்படாத நிலத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

சென்னை கோயம்பேட்டை எடுத்துக்கொள்வோம். 1996இல் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை அங்கே மாற்றப்பட்டது. கடைகள் வியாபாரிகளுக்குப் போயின. அங்கே மூட்டை தூக்கியவர் இங்கேயும் மூட்டைதான் தூக்கினார். 2002இல் பேருந்து நிலையம் வந்தது, 2015இல் மெட்ரோ வந்தது. சுற்றிலும் கீழே கடை, மேலே வீடு என்று தெருக்கள் நிறைந்தன. நகரத் திட்டத்தில் இதற்குக் கலப்புக் குடியிருப்பு என்று பெயர். இந்த மாதிரி இடத்தில் அரை கிரவுண்டு இருந்தால்கூட முன்னால் ஒரு கடை போடலாம், பின்னால் குடியிருக்கலாம். 2020 மே மாதம் கொரோனாவால் சந்தையை மூடினார்கள். கூலி ஒரே நாளில் நின்றது. வீட்டு வாடகை நிற்கவில்லை. சொந்த மனை என்பது நமக்கு ஆடம்பரமில்லை என்று அதனால்தான் சொல்கிறேன்.

நானும் அந்தப் பக்கம் மனை பார்த்து அலைந்தவன். தரகர் முதலில் விலை சொன்னார். அடுத்து, "சாருக்குச் சொந்த ஊர் எது?" சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். "ஓனர் வெளியூர் போயிருக்காருங்க, வந்ததும் சொல்றேன்." அந்த ஓனர் இன்னும் திரும்பவில்லை. நம் தலையில் ஏறி வந்த காய் அவர்கள் அடுக்களைக்குள் போகலாம். நாம் மட்டும் பக்கத்து வீட்டில் இருக்கக் கூடாது.

இது புதுசில்லை. 1917இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் பதவியேற்ற அண்ணல் அம்பேத்கரை, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவர்தான் பின்னாளில் பம்பாய் தாதரில், இந்து காலனியிலேயே, தன் நூல்களுக்கும் சேர்த்து ராஜகிருகத்தைக் கட்டினார்.

சட்டம் என்ன சொல்கிறது? கடைக்குள் நுழைவதைச் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 15ஆவது பிரிவு. ஆனால் 2005இல் அகமதாபாத் வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் "ஓனர் ஊர்ல இல்ல" என்ற பதிலை வைத்து எதை நிரூபிப்பது? அதனால் மனை பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். சாட்சிக்கு ஆள் வேண்டும். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள்.

விற்க ஒருவர் முன்வந்தால் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. 1892 அரசாணையின் வழியாக ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏராளம். சென்னையைச் சுற்றி வாங்குபவர் பழைய பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடி, 1994இல் செங்கல்பட்டுத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். நம்மவரிடம் பிடுங்கிய நிலம் மலிவாக வந்தாலும் அதை வாங்காதீர்கள். மீட்க மனு போடுங்கள்.

"சொத்து சேர்த்தால் போராட்டம் மழுங்கிப் போகும்" என்று ஒரு தோழர் சொன்னார். வாங்கியவர் சேரியை மறந்தால் மழுங்கத்தான் செய்யும். மறக்காமலிருக்க ஒரு வழி இருக்கிறது. கிராமத்திலிருந்து படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கு நகரத்தில் அறை கிடைப்பதில்லை. உங்கள் மாடி அறையை அவர்களுக்குக் கொடுங்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். ஜெய் பீம்.