உறங்கும் சத்துரு

2008இல் சாலை விபத்தில் இழந்த தங்கள் மகனின் உறுப்புகளைத் திருக்கழுக்குன்றம் மருத்துவத் தம்பதியர் தானமாகக் கொடுத்ததை நாம் மறக்கவில்லை.

தானமாகப் பெற்ற சிறுநீரகத்தை உடல் அந்நியமென்று தள்ளாதபடி, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரைகளை அன்றாடம் உட்கொள்ள வேண்டும். அப்போது காவற்காரராகிய வெள்ளணுக்கள் தளர்கின்றன. நம்மில் பெரும்பாலோரிடம் சிறுவயது முதல் உறங்கிக் கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸ் விழித்தெழுந்து, காய்ச்சலாகத் தொடங்கி நுரையீரலையும் குடலையும் தாக்கக்கூடும். மாத்திரையைக் கூட்டினால் வைரஸ் பெருகும். குறைத்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

நெகேமியாவின் ஆட்கள் ஒரு கையில் வேலையும் மறுகையில் ஆயுதமுமாய் நின்றதுபோல, மருத்துவர் இரண்டையும் காக்கிறார். இரத்தப் பரிசோதனையும் வைரஸ் மருந்தும் ஏழைக்கு எட்டாத விலை. அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த உங்கள் கரங்கள், அதற்குப் பின்வரும் மாதங்களுக்கும் திறந்திருப்பதாக. ஆமென்.