வீடு கட்டும் குத்தகையாளரைத் தேர்ந்தெடுத்தல்



லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டியே வாழ்நாளைக் கழித்த நம்மில் பலர், 55 வயதில் பெறும் ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு சொந்த வீடு கட்ட விழைகின்றனர். வேறு சிலர் முன்பே வாங்கிய சிறு வீட்டுடன் சமையலறையும் ஓர் அறையும் சேர்த்துக் கட்ட முனைகின்றனர். அப்பணம் ஒருமுறையே கைக்கு வருவது. தகுதியற்ற குத்தகையாளரிடம் அதனை இழந்துவிட்டால், மீண்டும் ஈட்ட நமக்கு வயதும் இராது, வலிமையும் இராது. ஆகவே, குத்தகையாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இன்று சிந்திப்போம்.

முதலாவதாக, தெரிந்தவர் என்ற ஒரே காரணத்திற்காக வேலையை ஒப்படைத்தல் கூடாது. ஒருவர் நல்ல பால்வெட்டுத் தொழிலாளியா என்பதை அவர் பேச்சைக் கேட்டா அறிகிறோம்? அவர் வெட்டிய மரத்தின் பட்டையைப் பார்த்தன்றோ அறிகிறோம்! அவ்வாறே, குத்தகையாளர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டை நேரில் காண வேண்டும். சுவர் வெடித்ததா, கூரை ஒழுகுகிறதா, சொன்ன நாளில் வேலை முடிந்ததா என்று வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகையாளர்கள் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்பது அவமதிப்பு அன்று, நம் உரிமை. ஒரே வரைபடத்தைக் காட்டி மூவரிடமாவது எழுத்து வழி விலை பெறுதல் நலம். மிகக் குறைந்த விலை கூறுபவர் கம்பியிலும் சிமெண்டிலும் கைவைக்கக்கூடும். நகராண்மைக் கழக அனுமதியை யார் பெறுவது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். அனுமதியின்றிக் கட்டியதை இடிக்க உத்தரவு வரலாம். ரப்பர் மரம் நின்ற நிலமாயின், மண்ணுள் கிடக்கும் வேரும் கட்டையும் கறையானுக்கு இரையாகும். அவற்றை அகற்றுவதும், தளம் போடுமுன் கறையான் மருந்திடுவதும் விலையில் அடங்குமா என்று கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, பணம். இதுவே தலையாயது. நாம் கொணர்ந்த பாலை நிறுத்த பின்னரே நம் பெயரில் கணக்கு எழுதப்படுகிறது. வெட்டாத மரத்திற்குக் கூலி கொடுப்பார் உண்டோ? அவ்வாறிருக்க, எழுப்பாத சுவருக்கு நாம் ஏன் முழுப்பணம் கொடுக்க வேண்டும்? சிறு முன்பணம் மட்டும் கொடுத்து, அடித்தளம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்த பின்னரே அதற்குரிய தொகையைச் செலுத்துவோம். நூற்றுக்கு ஐந்து வெள்ளியை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வைப்போம். இவை யாவும் ஒப்பந்தத்தில் இடம்பெறல் வேண்டும். அது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பின், படித்த பிள்ளைகளைக் கொண்டு பொருள் உணர்ந்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

இவ்வளவிற்குப் பின்னும் ஏமாற்றப்பட்டால் மனம் தளர வேண்டா. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், 5 வெள்ளிக் கட்டணத்தில், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால், அங்கே நமக்காகப் பேசுபவை ஒப்பந்தமும் ரசீதுகளுமே. அவற்றைப் பிறப்புப் பத்திரத்தைப் போல் பாதுகாப்போம்.

வேலையைக் கண்ட பின் கூலி என்பது நாம் வாழ்ந்த முறை. நம் வீட்டையும் அம்முறையிலேயே கட்டுவோம்.