இருதய நோயும் தசை மெலிவும்



இருதயம் தளர்ந்து, இரத்தத்தைப் போதிய அளவு இறைக்க இயலாத நோயாளிக்குக் கால் வீங்குவதை நாம் கவனிக்கிறோம். தொடையும் தோளும் மெலிவதைக் கவனிப்பதில்லை. உடலில் தேங்கும் நீர் எடையைக் குறையாமற் காட்டுவதால், தசை கரைவது தராசுக்கும் தெரிவதில்லை.

இம்மெலிவு அற்பமானதன்று. இத்தகைய நோயாளிகள் 171 பேரை இலண்டனில் ஆராய்ந்து, 1997-இல் முடிவை வெளியிட்டனர். வீக்கமில்லாத காலத்து எடையில் நூற்றுக்கு ஏழரைப் பங்குக்கு மேல் இழந்திருந்தோரில் பாதிப்பேர் 18 மாதங்களுக்குள் மாண்டனர். ஏனையோரில் மாண்டவர் நூற்றுக்குப் பதினேழு பேரே.

நோயும் பசிக்குறைவும் தசையைத் தின்கின்றன. போதாக்குறைக்கு நாமும், “இருதயக்காரர்” என்று அவரைக் கட்டிலிலேயே கிடத்தி வெறுங்கஞ்சி ஊற்றுகிறோம். அன்பினால் செய்வதுதான், ஆயினும் அசையாத கால் மேலும் மெலியும். மூச்சுத் திணறல் அடங்கியபின், டாக்டர் அனுமதிக்கும் அளவு நடக்கச் செய்வோம். அவர் தடுக்காவிடில் பருப்பு, முட்டை, மீன் கொடுப்போம். உப்பு மிகுந்த கருவாடும் ஊறுகாயும் வேண்டாம்.

சட்டை தோளில் தொளதொளத்தாலும், கை ஊன்றாமல் எழ இயலாவிட்டாலும், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கால் வீக்கத்தோடு இதனையும் மறவாமற் சொல்லுங்கள்.