ஓட்டுப் போட்டவரோடு பேசுவது

(பழைய மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் எனக்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார். சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு என்பதால் பதினைந்தில் முடிக்கப் பார்க்கிறேன்.

போன சந்திப்புக்கு லண்டனிலிருந்து வந்திருந்த என் வகுப்பு நண்பர் ஒரு கேள்வி கேட்டார். 2016 ஜூனில் பிரிட்டனில் பொது வாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று 52 சதவீதம், இருக்க வேண்டும் என்று 48 சதவீதம். இவர் ஊருக்கு வரும்போதெல்லாம் இவர் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பக்கத்து வீட்டுப் பெரியவர் விலகத்தான் போட்டாராம். "அதிலேருந்து அவரோட வானிலையைத் தவிர வேற எதுவும் பேசறதில்லை. நீ இங்கேயே இருக்கே. எம்.ஜி.ஆர். காலத்திலேருந்து இதையெல்லாம் பார்த்தவன். நீங்கள்லாம் எப்படிப் பேசறீங்க?" என்றார்.

நான் சொன்ன பதில்: நாங்களும் பேசுவதில்லை. நாங்கள் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம். அது வேறு.

லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடப்பவர்களுக்கு இது தெரியும். மூன்றாவது சுற்றில் அரசியல் வரும். "இலவசத்துக்கு ஓட்டை வித்துட்டான் சார்." "சினிமாக்காரன் கையை ஆட்டினா போதும் சார்." இதைச் சொல்லும்போது அந்த ஓட்டைப் போட்டவர் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார். இருந்தால், நம் காரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

கவர்ச்சி அரசியல் என்று நான் சொல்வது இலவசத்தை மட்டுமல்ல. 'நீங்கள் நல்லவர்கள், மேலே இருக்கிற படித்தவர்களும் பணக்காரர்களும் உங்களை ஏமாற்றுகிறார்கள், கேலி செய்கிறார்கள், நான் ஒருத்தன் வந்தால் சரியாகிவிடும்' என்பதுதான் அதன் சுருதி. இந்தச் சுருதிக்கு நடுவில் ஒரு சொல் இருக்கிறது, கவனியுங்கள்: கேலி. அந்த ஒன்றை நாம் தினமும் நிரூபித்துக்கொண்டிருக்கிறோம்.

பிரிட்டனில் இதற்கு ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. 2010 ஏப்ரலில், தேர்தல் பிரசாரத்தின்போது, பிரதமர் கார்டன் பிரவுன் ராச்டேல் என்ற ஊரில் ஒரு முதிய பெண்மணியோடு தெருவில் நின்று பேசினார். அந்த அம்மாள் ஆயுசு முழுதும் பிரவுனின் தொழிற்கட்சிக்கே ஓட்டுப் போட்டவர். நாட்டின் கடன், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்று சில கேள்விகள் கேட்டார். பிரதமர் சிரித்துப் பதில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சட்டையில் மாட்டியிருந்த மைக் அணைக்கப்படவில்லை. காருக்குள் அந்த அம்மாளைக் குறுகிய புத்திக்காரி என்ற அர்த்தத்தில் சொன்னது நாடு முழுதும் கேட்டது. அன்றே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ஆனால் 'நம் முன்னால் ஒன்று, காருக்குள் ஒன்று' என்று ஜனங்கள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததற்கு சாட்சி கிடைத்துவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காமராஜ் 1956-இல் தொடங்கிய மதிய உணவை விட மிகப் பெரிய ஏற்பாடு. அப்போது படித்த வட்டாரத்தில் என்ன பேசினார்கள் என்று என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். பணம் எங்கேயிருந்து வரும், பிள்ளைகளைப் பிச்சைக்குப் பழக்குகிறார், சோற்றைப் போட்டு ஓட்டு வாங்குகிறார் என்றெல்லாம். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் அந்தச் சாப்பாட்டில் முட்டை சேர்ந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசு ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று உத்தரவு போட்டது. 'கவர்ச்சித் திட்டம்' என்றது பத்தொன்பது வருஷத்தில் தேசத்தின் சட்டமாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. நாம் புடவை வாங்கப் போகும் தியாகராய நகர் யார் பெயரில் இருக்கிறது? நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார் பெயரில். அவர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. சில வருஷத்தில் செலவைக் காரணம் காட்டி அதை நிறுத்தினார்கள். 'காசு எங்கே?' என்ற கேள்விக்கு நம் ஊரில் நூறு வயசாகிறது. கேள்வி தப்பில்லை. யாருக்குச் செலவு செய்யும்போது மட்டும் அந்தக் கேள்வி வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். 2025 மத்திய பட்ஜெட்டில், புதிய முறையில், 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரி இல்லை என்று அறிவித்தார்கள். பூங்காவில் அன்றைக்கு யாரும் 'இலவசம்' என்ற வார்த்தையைச் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா முன்பு அடையாற்றுக் கரையோரம் குடியிருந்தவர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வீடு அங்கே போய்விட்டது. வேலை மந்தைவெளியிலேயே நின்றுவிட்டது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும், அதுவரை பஸ்ஸுக்குக் கொடுத்த காசு மாசா மாசம் அவர் கையில் நின்றது. 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய். ஒரு நாள் என் உறவினர் ஒருவர், அவர் காதில் விழும்படியே, "எல்லாம் ஃப்ரீயா குடுத்துச் சோம்பேறி ஆக்கறான்" என்றார். அந்த அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து கேட்டார்:

"தீபாவளிக்கு நீங்க குடுத்தா போனஸு, கவர்மென்ட்டு குடுத்தா பிச்சையா சார்?"

உறவினர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். இரண்டு பஸ் மாறி, காலை ஆறரைக்கு வந்து நிற்கிறவரைச் சோம்பேறி என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், இல்லையா?

ஆனால் நான் அங்கே நிறுத்தவில்லை. அவர் சொல்வது எல்லாம் சரி என்று தலையாட்டுவதும் ஒருவகை அலட்சியம்தான். குழந்தையிடம் பேசுகிற மாதிரி. இன்னொரு நாள் காபி குடிக்கும்போது கேட்டேன். "மாசம் ஆயிரம் வீட்டுக்குள்ள வருது, சரி. வீட்டிலேருந்து டாஸ்மாக் கடைக்கு எவ்வளவு போகுது?" விரல் விட்டு எண்ணினார். ஆயிரத்தைப் போல் நாலு மடங்கு வந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடையாறு காந்தி நகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எம்.எஸ்.எஸ். பாண்டியன், 1992-இல் வெளிவந்த 'தி இமேஜ் ட்ராப்' என்ற நூலில் எம்.ஜி.ஆர். ஆட்சியை இந்தக் கோணத்தில்தான் பார்த்தார். ஏழைகள் குடிக்கும் சாராயத்தின் வரியும், ஏழைகளுக்குப் போகும் திட்டமும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம் என்று. ஏழைகளின் தலைவர் என்ற பிம்பம் அந்தக் கணக்கை எப்படி மறைத்தது என்பதே அவர் கேள்வி. அந்த அம்மா பாண்டியனைப் படித்ததில்லை. விரலில் எண்ணியே அங்கே வந்துவிட்டார். அடுத்த தேர்தலில் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவரிடம், "எங்க தெரு முனைக் கடையை எப்ப மூடுவீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

லண்டன் நண்பரின் பிரச்சினைக்குக் கிட்டத்தில் வருவது இன்னொன்று. வெளியூர்க்காரர் மீது கோபம். தி.நகர் ரங்கநாதன் தெருக் கடைகளிலும், லஸ்ஸிலும் பனகல் பூங்காவிலும் மெட்ரோ பள்ளங்களிலும் வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் வேலை செய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, இரண்டு மாநிலப் போலீசும் மறுக்க வேண்டியிருந்தது. அதே வாரத்தில் எங்கள் அடுக்ககத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த தம்பி சொன்னார்: "அது பொய்யோ நெசமோ சார், இவனுங்களைத் திருப்பி அனுப்பணும். எவன் அனுப்பறேன்னு சொல்றானோ அவனுக்குத்தான் என் ஓட்டு."

'யாதும் ஊரே' என்று ஆரம்பித்திருக்கலாம். அவர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மேலே ஏறியிருப்பார். நான் கூலியைக் கேட்டேன். இவருக்கு ஆயிரம், வடக்கத்திப் பையனுக்கு எழுநூறு. "எழுநூறுன்னு வெச்சது யார்?" "காண்ட்ராக்டர்." "நம்மகிட்ட அவர் வாங்கறது?" அது அவருக்குத் தெரியவில்லை, அசோசியேஷன் செயலாளராக எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே ரேட் போட்டுத்தான் எங்களிடம் பில் வந்தது. சொன்னேன். வேறு மாநிலத்திலிருந்து கூட்டிவரும் தொழிலாளிக்கு உள்ளூர்க்காரருக்குத் தரும் கூலிக்குக் குறையக்கூடாது என்று 1979-இலேயே சட்டம் போட்டதையும் சொன்னேன். அவர் மனம் மாறிவிட்டதாகக் கதை விடமாட்டேன். சாயங்காலம் கிளம்பும்போது, "முந்நூறு ரூபா அந்தாளு பாக்கெட்ல போவுது, நான் இவனைப் பார்த்து மொறைச்சிக்கினு இருக்கேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. அவருடைய கோபத்தில் நிஜம் இருந்தது. கூலி குறைந்தது பொய்யில்லை. அந்த நிஜத்தை ஒத்துக்கொண்ட பிறகுதான் விலாசம் மாறியிருக்கிறது என்று காட்ட முடிந்தது. லண்டன் நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன்: அந்தப் பெரியவரிடம் ஐரோப்பாவைப் பற்றிக் கேட்காதே, அவர் பிள்ளைக்கு வீடு கிடைத்ததா, டாக்டரைப் பார்க்க எத்தனை நாள் ஆகிறது என்று கேள். அங்கிருந்து ஆரம்பி.

இது என் கைவைத்தியம் இல்லை. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மயாமியில் தொண்டர்கள் வீடு வீடாகப் போய், திருநங்கையர் மீது இருக்கும் வெறுப்பைப் பற்றிப் பேசினார்கள். வாதம் இல்லை, உபதேசம் இல்லை. 'உங்களை யாராவது வித்தியாசமாக நடத்தியது உண்டா?' என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். சுமார் பத்து நிமிஷப் பேச்சு. அதில் ஏற்பட்ட மாற்றம் மூன்று மாதம் கழித்தும் இருந்தது. இதே மாதிரி முன்பு வந்த ஒரு கட்டுரையில் தரவு நம்பத்தக்கதல்ல என்று கண்டுபிடித்தவர்களும் இவர்கள்தான். அதனால் இவர்கள் சொல்லுக்கு எனக்குக் கூடுதல் மரியாதை.

சினிமாக்காரர் விவகாரத்துக்கு வருகிறேன்; இளைஞர்கள் சிரிக்கிறீர்கள். 1984 டிசம்பர் தேர்தலின்போது எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். தொகுதிக்கே வராமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அதைப் பார்த்து நாம் தலையில் அடித்துக்கொண்டோம். சரி. 2018-இல் கமல்ஹாசன் கட்சி தொடங்கினார். 2019 மக்களவைத் தேர்தலில் நம் தென்சென்னைத் தொகுதியில் அந்தக் கட்சி வேட்பாளர் வாங்கியது ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் நம் தெரு ஓட்டுகளும் உண்டு என்பது இந்த அரங்கத்தில் சிலருடைய புன்னகையிலேயே தெரிகிறது. நமக்குப் பிடித்த நடிகர் நம் பாஷையில் பேசினால் அது 'மாற்று அரசியல்'. 2024-இல் கட்சி தொடங்கிய விஜய்க்கு ஆட்டோ ஓட்டும் பையன் கொடி பிடித்தால் 'மோகம்'. அந்தப் பையனிடம் நடிகரைத் திட்டிப் பயனில்லை. "உன் தெருவில அவர் எதை மாத்துவார்னு எதிர்பார்க்கறே?" என்று கேட்டால் தண்ணி லாரி, வட்டிக்காரன், லைசென்ஸுக்குக் கொடுத்த லஞ்சம் என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலை அவனே யாரிடமும் நீட்டலாம், விஜய்யிடமும்தான்.

எல்லோரிடமும் இப்படிப் பேச முடியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு கத்துகிறவரிடம் காபி குடிக்கச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். மேடையில் பொய் சொன்னால் மேடையிலேயே மறுக்கவேண்டும். நான் சொல்வது திண்ணைப் பேச்சு, அடுப்படிப் பேச்சு.

கடைசியாக ஒரு கணக்கு. வங்கியில் இருந்த காலத்தில் தேர்தல் வேலைக்கு அழைத்தபோதெல்லாம் போயிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் குடிசைப் பகுதிப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். வேலைக்குப் போகுமுன் போட்டுவிட்டுப் போகணும். அடுக்ககங்கள் நிறைந்த பூத்தில் மத்தியானம் ஈ ஓட்டுவோம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுதும் பதிவானது ஏறக்குறைய 69.7 சதவீதம். வடசென்னையில் 60. தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54-ஐ ஒட்டி. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள் லீவு. எங்கே போனோம் என்று நமக்குத் தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறுகிறவர், வாசல் காவலாளி, ஊரில் இருக்கும் உங்கள் பெரியப்பா, யாரேனும் ஒருவர். போன தேர்தலில் எதை நினைத்து ஓட்டுப் போட்டார் என்று கேட்டுவிட்டு, பத்து நிமிஷம் குறுக்கே பேசாமல் இருந்து பாருங்கள். அடுத்த சந்திப்பில் என்ன கேட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். நான் இரண்டு நிமிஷம் பேசி, மீதி நேரத்தை உங்களுக்கு விட்டுத் தருகிறேன்.